அப்பாவைவிட ஆறு வயது மூத்தவள்

சாத்தூரில் நடந்த இந்தச் சங்கதியை நடக்கவே இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் எங்கள் தெருவில் இப்போது ஒருவர்கூடக் கிடையாது, அதனால் தயங்காமல் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கல்லூரியில் பி.வோக் என்ற மூன்று வருஷப் படிப்பைப் புதிதாகக் கொண்டுவந்து, தொழிற்கல்விப் பட்டம், சாஃப்ட்வேர் டெவலப்மெண்ட் என்று வாசலில் பேனர் கட்டியபோது, அதைப் பார்த்துவிட்டு உள்ளே போன பத்தொன்பது பேரில் நானும் ஒருத்தி. இப்படிச் சொன்னால் ஏதோ துணிச்சலான காரியம் போலத் தோன்றும். வேறு எந்தப் படிப்பும் எங்களை எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. இங்கிலீஷ் அகரவரிசைப்படி போட்ட பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது, பதிவு எண் பத்தொன்பது, வெயிலுகந்தாள், கூப்பிடுவது வெயிலு. பி.வோக் என்றால் என்னவென்று சொந்தக்காரர்கள் யாருக்கும் புரியவில்லை, வோக் என்றால் வாய்ப்பாட்டாக இருக்கும் என்று என் மாமா அவராகவே முடிவு செய்து, ஒரு காதுகுத்து வீட்டில் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார், நானும் மறுக்கத் தெரியாமல் இரண்டு சாமிப் பாட்டைப் பாடிவிட்டு இறங்கினேன், ஒரு வருஷமாகப் படித்தும் பிள்ளைக்குச் சுருதியே சேரவில்லை என்று அவர் அம்மாவிடம் வருத்தப்பட்டாராம்.

என் அப்பா சீனிராஜ் சேவு போடுகிறவர். முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு துணித் திரை, அவ்வளவுதான் எங்கள் எல்லை. கண்கரண்டியில் அப்பா மாவைத் தேய்க்க, கொதிக்கிற எண்ணெயில் அது மழை மாதிரி விழும், அம்மா பேச்சித்தாய் ஆறிய சேவைப் பொட்டலம் கட்டுவாள், ஒற்றைப் பிள்ளையான நான் அதைத் தின்பேன். லேப்பில் எந்த வேலை செய்தாலும் கடைசியில் சேவ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நான் ஒருநாள் வீட்டில் சொன்னதைக் கேட்டதிலிருந்து, குடும்பத் தொழிலைத்தான் பிள்ளை வேறு மாதிரி படிக்கிறது என்று அம்மா நிம்மதியாகிவிட்டாள்.

எங்கள் துறைக்குத் தலைவர் ஞானதிரவியம் சார், அவருக்குக் கீழே வேறு யாரும் இல்லை என்பதால் துறையும் அவர்தான். இரண்டாம் வருஷத்தில் அவருக்கு ஒரு கவலை வந்தது. மாசக் கடைசியில் ஆய்வுக் குழு வரும், வகுப்பில் இருபது தலை இருக்க வேண்டும், இல்லையென்றால் படிப்பை மூடிவிடுவார்கள், எங்களைப் பிரித்து எந்தத் துறையில் காலியிடம் இருக்கிறதோ அங்கே சொருகிவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. அந்த ஒரு தலைக்காகச் சார் பஸ் ஸ்டாண்டிலும் டுடோரியல் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும்கூட நின்று நோட்டீஸ் கொடுத்தார், ஒருவரும் வரவில்லை.

அந்த மாசம்தான் என் ப்ராஜெக்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் பதிவேடு என்று ஒரு சாஃப்ட்வேர், பெயரையும் விவரங்களையும் ஏற்றினால் வருகைப்பதிவு போடும், அதைத்தான் எங்கள் வகுப்பில் நிஜமாகவே சார் பயன்படுத்தவும் ஆரம்பித்திருந்தார், என்மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல, அவரிடம் வேறு பதிவேடு கிடையாது என்பதால். புது ஆளைச் சேர்க்கும் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு மதியம் இரண்டே கால் மணிக்கு, சாப்பாட்டு மயக்கத்தில், பொய்யாக ஒரு ஆளை ஏற்றினேன். பெயர் என்ற கட்டத்தில் சோதனை என்று போட்டேன், சோதனைக்குத்தானே போடுகிறோம் என்று. ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் பெண் என்பது முதலில் இருந்ததால் அதை விட்டேன். அப்பா பெயரும் முகவரியும் யோசிக்கச் சோம்பல்பட்டு என் அப்பா பெயரையும் என் வீட்டு முகவரியையும் தட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அறுநூற்றுக்கு அறுநூறு, என் கையால் ஒருத்தருக்காவது அது கிடைக்கட்டுமே. ரத்த வகையை வெறுமையாக விட்டேன். அம்மா பெயருக்குக் கட்டமே கிடையாது, அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்த தேதியையும் போடவில்லை, தேதி சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சேவ் அழுத்திவிட்டு மேஜையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை முதல் பீரியடில் அவள் வந்தாள். நரை கலந்த தலை, கஞ்சி போட்ட இளநீலச் சேலை, கையில் ஒரு புது நோட்டு, ஐம்பத்து நான்கு வயது. எந்தப் பிள்ளையோட அம்மா என்று கேட்டுக்கொண்டே எழுந்த சாரிடம், படிக்க வந்திருப்பதாகவும் தன் பெயர் சோதனை என்றும் சொன்னாள். சார் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், அதில் இருபதாவது வரியில் அந்தப் பெயர் இருந்தது, எங்களை ஒருமுறை விரல்விட்டு எண்ணினார், பிறகு இன்னொரு முறை எண்ணினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், இரண்டாவது பெஞ்சில் என் பக்கத்தில் இடம் காட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் ஆள் குறைந்துவிடும் என்ற பயமாக இருந்திருக்கலாம். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டதோடு மற்ற பதினெட்டுப் பேரும் தங்கள் ஆச்சரியத்தை முடித்துக்கொண்டார்கள். ஆய்வுக் குழு வந்தது, தலைகளை எண்ணியது, நரைத்த தலைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றது, எல்லா வயதினருக்கும் வாய்ப்பளிக்கும் முன்மாதிரித் துறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது.

வந்த முதல் நாள் சாயங்காலம் அவள் என் பஸ்ஸிலேயே ஏறினாள், என் நிறுத்தத்திலேயே இறங்கினாள், எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு எங்கள் வீட்டு முகவரியை, தெருப் பெயரில் நான் விட்டிருந்த எழுத்துப் பிழையோடு, மனப்பாடமாகச் சொன்னாள். நேற்று மதியத்துக்கு முன்னால் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றும், அதைப் பற்றிப் பெரிய வருத்தமில்லை என்றும் வழியில் சொன்னாள். கடை வாசலில் நின்று, வாணலிக்கு முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த நாற்பத்தெட்டு வயதுக்காரரைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டாள். அப்பா கண்கரண்டியை ஓரமாக வைத்தார், அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், உள்ளே வந்து கால் கழுவச் சொன்னார். திரைக்குப் பின்னால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, யாரு என்னன்னு கேக்காம உள்ள விடுவீகளோ என்றபோது அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன்.

"அப்பான்னு கூப்பிட்டுருச்சு. அதுக்கப்புறம் நீ யாருன்னு எப்படிக் கேக்க?"

அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. நாலாம் நாள் எதிர்வீட்டு மாரிக்கனி அத்தை வந்து, விரல்களையும் விரல் போதாமல் சுவர்க் காலண்டரின் கட்டங்களையும் வைத்து எண்ணிப் பார்த்து, சோதனை பிறந்தபோது சீனிராஜ் பிறக்க இன்னும் ஆறு வருஷம் இருந்திருக்கிறது, ஆகவே எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் மதினி உன் புருஷன்மேல் குற்றம் நிற்காது என்று தீர்ப்புச் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு எழுந்துபோய் ஒரு படி அரிசி கூடப் போட்டாள். அதோடு தெருவும் அவளை ஏற்றுக்கொண்டது. அப்பாவைவிட ஆறு வயது மூத்த மகள் சீனிராஜ் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னபோது, மூத்த பிள்ளைகள் கொஞ்சம் மூத்துத்தான் இருக்கும் என்றார்கள். கல்லூரியில் ரத்ததான முகாம் நடத்தியவர்கள் அவள் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த வகையும் தெரியாமல், ரத்த வகை என்ற இடத்தில் ‘பிறகு’ என்று எழுதிக்கொடுத்தார்கள், அவளும் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு குணம் இருந்தது, வெறுங்கட்டத்தைக் கண்டால் பொறுக்காது. தெருவில் யார் வீட்டில் என்ன விண்ணப்பம் வந்தாலும், உதவித்தொகை, கேஸ் இணைப்பு, நர்சிங் சேர்க்கை, முதியோர் ஓய்வூதியம், எதுவானாலும் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக்கொடுப்பாள். தெரியாது என்று எழுதவே மாட்டாள், தெரியும்வரை கேட்பாள், அப்படிக் கேட்டுக் கேட்டு மாரிக்கனி அத்தைக்கே மறந்துபோயிருந்த அவள் பிறந்த கிழமையைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள், அன்று முழுக்க அத்தை வீட்டு வேலை எதுவும் செய்யாமல் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கல்லூரியில் நான் இணையத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிற நிரலை அவள் வரிவரியாகப் படித்துப் புரிந்துகொண்டு தன் கையால் எழுதினாள், நான் ஏற்றிவிட்ட அறுநூற்றுக்கு அறுநூறு அவளுக்குள் நிஜமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்த சொந்தங்கள், கூடப் பிறந்தவ எப்படிப் படிக்கிறா பாரு என்றார்கள். என் சோம்பலில் பிறந்த ஒருத்தி என்னைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதை இரண்டு வேளையும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன், நான் அவளை அக்கா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை, ஏய் என்றும் கூப்பிட முடியாததால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணில் பட்டது என் மனசைக் கெடுத்தது. நாற்பத்து மூன்று வயதான என் அம்மா, ஐம்பத்தைந்தைத் தொடப்போகிற அவளைத் தரையில் உட்கார வைத்து, தான் பலகைமேல் உட்கார்ந்து, அந்த நரைத்த தலைக்கு எண்ணெய் தேய்த்து, ஆடாம இருடி, ஆடாம இரு என்று மண்டையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மா தலைபின்னி ஆறு வருஷமாகியிருந்தது, வேண்டாமென்று நான்தான் நிறுத்தியிருந்தேன், அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வராது. அடுத்த வாரமே மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், படிப்பு முடிந்ததும் சேர்ந்துகொள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், எங்களைக் கேள்வி கேட்டார்கள், அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னிடம் உங்கள் பலம் என்ன என்று கேட்டதற்கு நான், சேவு என்று சொல்லிவிட்டேன், பதற்றத்தில் அதுதான் வந்தது.

அதே வாரம் வியாழக்கிழமை ஞானதிரவியம் சார் வகுப்பில் பொதுவாக ஒரு விஷயம் சொன்னார், ப்ராஜெக்டை ஒப்படைக்கும் முன் சோதனைக்காக ஏற்றிய பொய் விவரங்களை எல்லாரும் நீக்கிவிட வேண்டும், அது விதி என்று. பொறாமைக்காரிக்கு ஒரு விதி கையில் கிடைத்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு லேப்பில் தனியாக உட்கார்ந்து என் சாஃப்ட்வேரைத் திறந்தேன். இருபதாம் எண்ணைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது, அந்தக் கேள்வியை எழுதியவள் நான்தான், கீழே ஆம் என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது, இல்லை என்ற பொத்தானை எழுத அப்போது அலுப்பாக இருந்ததால் விட்டிருந்தேன். ஆம் என்று அழுத்தினேன்.

கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், மனுஷர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவோம், அதைச் சரிக்கட்ட நிரலில் ஒரு இடத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், நான் கழித்ததை மறந்துபோய் இன்னொரு இடத்திலும் கழித்திருந்தேன். அதனால் இருபது போகவில்லை. பத்தொன்பது போயிற்று.

சாப்பிட்டுவிட்டு வந்த சார் லேப் வாசலில் என்னைப் பார்த்து, ஆபீஸ் அந்தப் பக்கம்மா, சர்ட்டிபிகேட் வாங்க வந்தீங்களா என்று மரியாதையாகக் கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் என் நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள், ஒருத்தி மட்டும் வழிவிடுங்கக்கா என்றாள். சார் வகுப்பை எண்ணினார், பத்தொன்பது வந்தது, இன்னொரு முறை எண்ணினார், ஏதோ குறைகிற மாதிரி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். ஒருத்தி வந்ததை எவ்வளவு லேசாக ஏற்றுக்கொண்டார்களோ அவ்வளவு லேசாக ஒருத்தி போனதையும் ஏற்றுக்கொண்டார்கள், போன தடவை இந்தக் குணத்தை நான் ரசித்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கடையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, வாங்க, காரச் சேவா மிளகுச் சேவா, பூண்டுச் சேவு இப்பத்தான் இறக்கினது என்றாள். அம்மா வாடிக்கைக்காரர்களிடம் இவ்வளவு இனிமையாகப் பேசுவாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்ததே இல்லை. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, ருசி பார்க்காமல் வாங்கத் தயங்குகிறது பிள்ளை என்று நினைத்து, அப்பா வாணலியிலிருந்து எழுந்துவந்து ஒரு கைப்பிடி சூடான சேவை என் கையில் வைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மகம்மா நீ?"

அப்பா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்தச் சொல்லுக்கு அந்த வீடு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் முழுக்கச் சேவு. மென்று விழுங்கி முடிப்பதற்குள் அவர் அடுத்த ஈட்டுக்கு மாவைத் தேய்க்கப் போய்விட்டார், எனக்கும் வெட்கம் வந்துவிட்டது, அழித்துவிட்டு வந்தவள் எந்த வாயால் கூப்பிடுவாள். கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் சாயங்காலப் பஸ்ஸில் வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். அழிக்கப்பட்டதை மறக்கிற குணம் அவளுக்கு மட்டும் கிடையாது என்பதை அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"ரெண்டு எடத்துல ஒண்ணக் கழிச்சிருக்க" என்றாள். "போன மாசமே பாத்தேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"நீ அந்தப் பொத்தான அமுக்க மாட்டேன்னு நெனச்சேன் வெயிலு."

நான் அழுதேன். அழுதுகொண்டே அக்கா என்றேன், அவள் என் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, கூடப் படிக்கிற பிள்ளை, இன்னைக்கு நம்ம வீட்ல தங்கட்டும் என்று என்னை உள்ளே அழைத்துப்போனாள். அம்மா எனக்கு இலை போட்டாள். எனக்கு, அந்த வீட்டில், இலை போட்டாள். கூச்சப்படாமச் சாப்பிடும்மா, ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்க என்று இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள். என் வாழ்க்கையில் அதுவரை நான் சாப்பிட்ட ஆகச் சிறந்த சாப்பாடும் விழுங்க ஆகக் கஷ்டப்பட்ட சாப்பாடும் அதுதான்.

காலையில் லேப் திறந்ததும் இருவரும் போனோம். அக்கா முதலில் என் சாஃப்ட்வேரில் இல்லாத ஒரு கட்டத்தை உண்டாக்கினாள், தாயின் பெயர். பிறகு புது ஆளைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து பத்தொன்பதாம் எண்ணுக்கு என்னை ஏற்ற ஆரம்பித்தாள். பெயர், பிறந்த தேதி, அப்பா, அம்மா, ரத்த வகை, தெருப் பெயர் பிழையில்லாமல். அடையாளம் என்ற கட்டத்தை நான் யாருக்குமே நிரப்பியதில்லை, அவள் என் தாடையைத் திருப்பிப் பார்த்து, சின்ன வயசில் வாணலி ஓரம் பட்ட தழும்பை எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கேட்டாள், முந்நூற்று நாற்பத்தொன்று என்றேன், அப்படியே கொஞ்சம் கூட்டிப் போடேன் அக்கா, இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினேன், அவள் முந்நூற்று நாற்பத்தொன்றையே போட்டாள்.

சேவ் அழுத்துவதற்கு முன் நான் அவளை நகரச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து இருபதாம் எண்ணைத் திறந்தேன். தாயின் பெயர் கட்டத்தில் பேச்சித்தாய் என்று போட்டேன். ரத்த வகைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், அம்மாவுடையது என்றாள், போட்டேன். பிறந்த தேதியை மாற்றட்டுமா, இருபத்திரண்டு வயதாக்கி விடுகிறேன், முழங்கால் வலி போய்விடும் என்றேன். வேண்டாம் என்றாள், இந்த வயதில்தான் அம்மா தனக்குத் தலை பின்னியிருக்கிறாள், இது பழகிவிட்டது என்றாள். பெயரையாவது நல்லதாக மாற்றுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள், தெருவில் எல்லாரும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், பாவம் அவர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொத்தான்மேல் விரல் வைத்தோம்.

வாசலில் வந்து நின்ற சார், வெயிலு, நேத்து மத்தியானம் எங்க கட் அடிச்ச என்று உறுமினார். அந்த உறுமலைக் கேட்டு நான் அவர் காலில் விழப் பார்த்தேன், அவர் பயந்து பின்வாங்கினார். வீட்டிலோ அம்மா துடைப்பத்தோடு காத்திருந்தாள், நேற்றிலிருந்து எங்கடி தொலைந்தாய், மூணு முழத்துக்கு வளர்ந்தும் சொல்லிக்கொண்டு போகத் தெரியாதா என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்து, ஒவ்வொரு வசையாக எடுத்து என்மேல் போட்டுக்கொண்டே வந்தாள், நான் சந்தோஷமாக நனைந்துகொண்டிருந்தேன். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நேத்து ஒரு பிள்ள வந்துச்சு, சோதனை கூடப் படிக்கிற பிள்ள. எவ்வளவு அடக்கமா ஒக்காந்து சாப்பிட்டுச்சு. நீயும் இருக்கியே."

அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பிள்ளையைத்தான் அம்மா எனக்கு உதாரணம் காட்டுகிறாள், நானும் அவளைப் போல ஆக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் வைவா. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் சாஃப்ட்வேரை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு, இருபதாம் எண்ணில் வந்து நின்றார். அப்பாவைவிட மகளுக்கு வயது அதிகமாக இருக்கிறதே, சோதனை விவரத்தை நீக்காமலே கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்டார். அது எங்க அக்கா சார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சரி, நீக்குகிற பொத்தானே இதில் காணோமே, அது எங்கே என்றார். எடுத்துவிட்டேன், அதைச் சரியாக எழுத எனக்கு வரவில்லை என்றேன், மூன்று வருஷத்தில் நான் ஒரு தேர்வில் சொன்ன ஒரே சரியான பதில் அது. ஐம்பத்திரண்டு போட்டார். அடுத்து உள்ளே போன அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாராம், பிறகு திரையையும் அவளையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டாராம். அவளுக்குத் தொண்ணூற்றெட்டு.

எனக்கு அதே கல்லூரியில், அதே லேப்பில், உதவியாளர் வேலை கிடைத்தது, கிடைத்தது என்பதைவிட நான் போகாமலே இருந்துவிட்டேன் என்பது பொருத்தம். அக்கா ஜூன் மாசம் ஒரு திங்கட்கிழமை காலை மதுரைக்குக் கிளம்பினாள். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை, வந்தால் அழுவேன் என்று சொல்லி வீட்டிலேயே அழுதாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், நான் மூன்றாவதாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன். எனக்குச் சளி பிடித்திருப்பதாக வழியில் பார்த்தவர்களிடம் சொன்னேன்.

பஸ்ஸில் கூட்டம். அக்கா படியில் ஏறி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கண்டக்டரிடம் போனார், அந்தத் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, அவர் தோளைத் தொட்டுச் சொன்னார், பிள்ள மொதத் தடவையா தனியா வெளியூர் போகுது, மாட்டுத்தாவணியில பாத்து எறக்கிவிடுங்க.

கண்டக்டர் அப்பாவைப் பார்த்தார். படியில் நின்ற நரைத்த தலையைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்துச் சரிங்கய்யா என்று தலையாட்டினார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே திரும்பி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்.

"சின்னப் பிள்ள, தனியா வருது. கொஞ்சம் எடம் விடுங்கண்ணே."